நினைவில் நிற்கும் எண் முகவரி

நான்கு எண்கள், அவற்றிற்கு இடையே மூன்று புள்ளிகள். ஐ.பி. முகவரி என்பது இவ்வளவே. ஆனால் அந்த நான்கு எண்களுள் ஒன்று பிழைபட்டமையால், சித்தூருக்கு அருகே ஒரு மாந்தோப்பின் பதினோர் இரவுகளின் வெப்பநிலைக் கணக்கு எனக்கு இல்லாமற் போயிற்று. மா பூக்கும் பருவத்து இரவுகள் அவை. இனி அடுத்த ஆண்டுதான் அத்தகைய இரவுகள் வரும். அந்த இழப்பு என்னை ஓர் ஆராய்ச்சியில் இறக்கியது. எளிதில் நினைவில் நிற்கும் முகவரியோடு கூடிய ஒரு சர்வரைத் தேடிப் பிடிப்பது எப்படி என்பதே அந்த ஆராய்ச்சி. கணிப்பொறித் துறையினர் அல்லாத நண்பர்களும் இம்மலரைப் படிப்பர் ஆதலின், அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்தருள்க.

இணையத்தில் சேர்ந்த பொறி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். இன்றும் பெருவழக்கில் உள்ள நான்காம் பதிப்பின் விதிகள் 1981 செப்டம்பரில் வெளியாயின. அவற்றின்படி முகவரி என்பது 32 இருமக் குறிகள். அவற்றை எட்டெட்டாகப் பிரித்தால் நான்கு கூறுகள். ஒவ்வொரு கூறும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண். ஆக, உலகில் இருக்கக்கூடிய முகவரிகள் 4,29,49,67,296. கேட்பதற்குப் பெருந்தொகைதான். ஆயினும் உலக மக்கள் தொகையைவிடக் குறைவு! 2011 பிப்ரவரி 3ஆம் நாள் உலகப் பொதுக் களஞ்சியம் காலியாயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 15ஆம் நாள், நம் ஆசிய பசிபிக் பகுதிக்கு முகவரி வழங்கும் ஏப்னிக் நிறுவனமும் கடைசித் தொகுதியைத் தொட்டு, பங்கீட்டு முறைக்கு வந்தது. அதன் பின்னர் முகவரி விலைப்பொருளாயிற்று. அவ்வாண்டிலேயே, நொடித்துப்போன நார்டெல் நிறுவனத்தின் 6,66,624 முகவரிகளை மைக்ரோசாஃப்ட் 75 இலட்சம் டாலருக்கு வாங்கியது. முகவரி ஒன்றுக்குப் பதினொரு டாலருக்குச் சற்று மேல்.

மெய்நிகர் சர்வர் என்பது யாது? ஒரு பெரிய வீட்டைத் தடுத்துப் பல குடித்தனங்களுக்கு வாடகைக்கு விடுவது போன்றது அது. பொறி ஒன்றே, மென்பொருள் அதைப் பலவாகக் காட்டும். குடித்தனம் ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவிலக்கம் உண்டு. நமக்கு வேண்டுவது அந்தக் கதவிலக்கம்தான்.

‘இணையத்தில் எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கிறதே, எண்ணை யார் நினைவில் வைக்கிறார்கள்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தரும் முறையை 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்தார். அன்று முதல் நாம் பெயரைத்தான் சொல்கிறோம். எண்ணைப் பொறி தேடிக்கொள்கிறது. ஆனால், பெயரை எண்ணாக்கித் தரும் அந்தச் சர்வரை எப்படி அழைப்பது? அதன் பெயரைக் கொண்டு அழைக்க இயலாது. அதற்கு எண்தான் வேண்டும். தொலைபேசிப் புத்தகம் வைத்திருப்பவரின் எண்ணை அப்புத்தகத்தில் தேட முடியாதன்றோ! உலகின் புகழ்பெற்ற அழகிய முகவரிகள் எல்லாம் இக்காரணத்தால் பிறந்தவை. கூகிள் 2009 டிசம்பரில் 8.8.8.8 என்ற முகவரியில் இப்பணியைத் தொடங்கியது. 2017 நவம்பரில், ஐ.பி.எம். தந்த தொகுதியிலிருந்து 9.9.9.9 வந்தது. இவற்றுள் 1.1.1.1 என்ற முகவரியின் கதைதான் சுவையானது.

1 என்று தொடங்கும் முகவரிகள் 2010 ஜனவரி வரை யாருக்கும் தரப்படாமல் இருந்தன. யாருக்கும் உரியதன்று என்ற துணிச்சலில், பல பொறியாளர்கள் தங்கள் சோதனைகளில் 1.1.1.1 என்று எழுதிப் பழகிவிட்டனர். சில கம்பியில்லாக் கருவிகளின் கையேடுகளிலேயே அஃது எடுத்துக்காட்டாக இடம்பெற்றது. பின்னர் அத்தொகுதி ஏப்னிக்கின் கைக்கு வந்தது. அவ்வாண்டே சோதனைக்காக 1.1.1.1ஐ இணையத்தில் அறிவித்தபோது நிகழ்ந்தது என்ன? நொடிக்கு 10 மெகாபிட் தாங்கும் இணைப்பு உடனே நிரம்பி வழிந்தது! உலகெங்கிலும் தவறாக அமைக்கப்பட்ட கருவிகளின் குப்பை அத்தனையும் அந்த ஒரு வாசலில் வந்து விழுந்தது. அழகிய எண்ணுக்கு அதுவே தண்டனை போலும். இந்த வெள்ளத்தைத் தாங்கும் வலிமையுள்ள கிளவுட்ஃபிளேர் நிறுவனத்துடன் ஏப்னிக் கூட்டுச் சேர்ந்தது. 2018ஆம் ஆண்டு, நான்காம் மாதம், முதல் நாள் 1.1.1.1 பணியைத் தொடங்கியது. நான்கு ஒன்றுகளுக்கு ஏற்ற நாள்! ஏப்ரல் முதல் நாளாயிற்றே என்று பலர் நம்பவில்லையாம். நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

இத்தகைய முகவரி நமக்குக் கிடைக்குமா? நான்கு கூறும் ஒன்றேயாக அமைந்தவை, தனியார் வலைகளுக்கென ஒதுக்கியவற்றையும் பிற தனிப் பயன்களுக்கு உரியவற்றையும் நீக்கினால், ஏறத்தாழ 220தான். அதாவது ஏறத்தாழ இரண்டு கோடியில் ஒன்று. அந்த ஆசையை விட்டுவிடலாம். சித்தூருக்குத் திரும்புவோம்.

கிளிமூக்கு மாம்பழத்துக்குப் பெயர்பெற்றது அம்மாவட்டம். தோப்பில் நான் வைத்திருந்த கருவி, வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளந்து, கைபேசி அலை வழியாகத் திருப்பதியிலிருந்து நான் பார்க்கக்கூடிய ஒரு சர்வருக்கு அனுப்பும். எளிய கருவி அது. பெயர் தேடத் தெரியாது. எண் முகவரியை அதன் பொத்தான்களால் அழுத்தித்தான் புகுத்த வேண்டும். ஜனவரித் தொடக்கத்தில், கட்டணம் செலுத்த நான் மறந்தமையால், சர்வர் நீக்கப்பட்டது. புதிய சர்வர் எடுத்தேன். புதிய முகவரி வந்தது. எழுபது கிலோமீட்டர் பேருந்தில் செல்லச் சோம்பி, தோப்புக் காவற்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். ‘அண்ணா’ என்ற ஒரு சொல் எங்கள் இருவருக்கும் பொது. தமிழ் அவருக்குக் கேட்டால் விளங்கும். ஆனால் எண்களைத் தெலுங்கில்தான் சொல்ல வேண்டும். என் தெலுங்கோ திருப்பதிக்கு வந்தபின் கடைவீதியில் கற்றது. முகவரியின் மூன்றாம் கூறு 9. ‘தொம்மிதி’ என்று சொல்ல வேண்டிய நான் ‘தொம்பை’ என்று சொல்லிவிட்டேன். தொம்பை என்றால் தொண்ணூறு. அவரும் 90 என்று அழுத்திவிட்டார்; 255க்கு உட்பட்ட எண் ஆதலின் கருவியும் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது.

கருவி செய்தியை அனுப்பும். போய்ச் சேர்ந்ததா என்று கேளாது. ஆகவே திரையில் ‘அனுப்பப்பட்டது’ என்றே காட்டிக்கொண்டிருந்தது. நானோ பொங்கலுக்கு ஊர் சென்றுவிட்டேன். சென்ற இடத்தில் ஒரு நாளாவது கணக்கைத் திறந்து பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. பதினொரு நாள் கழித்துத் திரும்பியபோது சர்வரில் ஒரு வரியும் இல்லை. கருவியின் நினைவகம் ஒரு நாள் அளவே தாங்கும். எங்கள் தோப்பின் குளிர் யாரோ முகம் அறியாதவரின் வாசலில் பதினோர் இரவும் தட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறது. காவற்காரர் மீது குற்றமே இல்லை.

அதன் பிறகுதான் ‘நினைவில் நிற்கும் எண்’ என்பதற்கு நான் வேறு இலக்கணம் கண்டேன். தமிழர் செவிக்கும் தெலுங்கர் செவிக்கும் ஒருசேரப் பொருந்த வேண்டும். இரண்டு – ரெண்டு, மூன்று – மூடு, நாலு – நாலுகு, ஐந்து – ஐது, ஆறு – ஆறு, ஏழு – ஏடு. நம் ழகரம் அவர்களுக்கு டகரமாவதை ஏழிலேயே காணலாம். 2 முதல் 7 வரை இரு மொழியும் உடன்பிறப்பென்பது ஒலியிலேயே விளங்கும். ஆனால் ஒன்று – ஒகடி, எட்டு – எனிமிதி, ஒன்பது – தொம்மிதி என்ற மூன்றிலும் செவி தடுமாறும். ஒன்பதில் வியப்பு ஒன்று உண்டு. பழந்தமிழில் ஒன்பதைக் குறிக்கத் ‘தொண்டு’ என்ற சொல் வழங்கியது. தெலுங்கின் தொம்மிதி அதற்கு அருகில் நிற்கிறது. நாம் அச்சொல்லை ஒன்பதில் இழந்து, அதன் சாயலைத் தொண்ணூற்றில் வைத்திருக்கிறோம். என் நாக்கு தடுமாறியதும் அங்கேதான் போலும்!

ஆகவே என் தேவை சுருங்கியது. முகவரியின் முதல் இரு கூறுகளை நாம் தேர முடியாது. அவை சர்வர் நிறுவனத்தின் தொகுதியைப் பொறுத்தவை. ஊர்க் குறியீட்டெண் போல ஒரு முறை கற்றுக்கொண்டால் போதும். கடைசிக் கூறு 2 முதல் 7 வரையுள்ள ஓர் இலக்கமாகவோ, 22, 33, 44, 55, 66, 77 என்ற இரட்டைகளுள் ஒன்றாகவோ இருக்க வேண்டும். 256இல் இத்தகையவை 12. அதாவது சராசரியாக இருபத்தொரு முயற்சியில் ஒன்று கிட்டும். ‘இருபத்தொரு முறை முயன்றால் கட்டாயம் கிடைக்கும்’ என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. ஒரு முறை தவறும் வாய்ப்பு 244/256. அதை இருபத்தொரு முறை தன்னோடு பெருக்கிப் பாருங்கள்; ஏறத்தாழ 0.36 வரும். நூற்றுக்கு முப்பத்தாறு பேர் வெறுங்கையோடுதான் நிற்பர்.

முயற்சி என்பது என்ன? சர்வரை உருவாக்குவது, முகவரியைப் பார்ப்பது, பிடிக்காவிடில் நீக்குவது. மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் நிறுவனங்களில் இதற்குச் செலவு மிகக் குறைவு. ஆனால் என் கணக்கு முதல் நாள் பொய்த்தது. நீக்கிய முகவரியே அடுத்த நொடியில் மீண்டும் மீண்டும் வந்தது! விட்ட சீட்டையே மறுபடி மேலே வைத்து எடுப்பது போல. வாய்ப்பியல் கணக்குக்கு முயற்சிகள் ஒன்றையொன்று சாராதிருக்க வேண்டும் என்று வகுப்பில் படித்ததை அப்போதுதான் உணர்ந்தேன். மறுநாள், பழையதை நீக்காமல் புதியதை எடுத்து, பிறகு பழையதை விட்டேன். பதினேழாம் முயற்சியில் 44 என்று முடியும் முகவரி வந்தது. மூன்றாம் கூறும் நல்லூழால் 7. மொத்தச் செலவு விடுதித் தேநீர் இரண்டின் விலைக்கும் குறைவு.

ஆனால் வரம்பறிந்து செய்ய வேண்டிய செயல் இது. பஞ்ச காலத்தில் ஒருவரே பல முகவரிகளைக் கையில் வைத்திருப்பது முறையன்று. நிறுவனங்களும் இடங்கொடா: அமேசானில் ஒரு வட்டாரத்துக்கு ஐந்து நிலை முகவரிகளே இயல்பான வரம்பு. 2024 பிப்ரவரி முதல் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு அரை சென்ட் வாங்குகிறார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 44 டாலர்.

கிடைத்த முகவரியை உடனே நம்பிவிடவும் கூடாது. ஒவ்வொரு முகவரிக்கும் முன் குடியிருந்தவர் ஒருவர் உண்டு. அவர் வேண்டாத அஞ்சல்களை ஊரெங்கும் அனுப்பியவராயின், அவர் பெற்ற கெட்ட பெயர் நம் தலையில் விழும். தடைப் பட்டியல்களில் முகவரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்க. ஓர் இரவு முழுதும் வாசலைத் திறந்துவைத்து யார் யார் தட்டுகிறார்கள் என்று கவனிப்பதும் நல்லது. பழையவரைத் தேடி வருவோர் பலர் இருந்தால் அதை விட்டுவிடலாம். ‘அழகிய எண்ணைத் திருடர் எளிதில் கண்டுபிடிப்பர்’ என்று விடுதி நண்பர் ஒருவர் அச்சுறுத்தினார். அழகற்ற எண்ணும் அவ்வாறே கண்டுபிடிக்கப்படும் என்பதே உண்மை. 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் ஆக்கிய ஒரு மென்பொருள், நான்காம் பதிப்பின் முகவரிகள் அனைத்தையும் முக்கால் மணி நேரத்திற்குள் தட்டிப் பார்த்துவிட்டது. எண்ணை மறைத்துப் பயனில்லை. பூட்டு வலுவாக இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். அழகைவிட நிலைபேறு பெரிது. சர்வர் அழிந்தாலும் முகவரி அழியாமல், வேறொரு சர்வரில் மாட்டிக்கொள்ளும் ‘ஒதுக்கிய முகவரி’ வசதியைப் பல நிறுவனங்கள் தருகின்றன. முதலிலேயே அதை வாங்கியிருந்தால் என் பழைய எண்ணே போதுமானதாக இருந்திருக்கும். இப்போது 44ஐ அவ்வாறே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

ஆறாம் பதிப்பு முகவரிகள் பரவிவரும் இக்காலத்தில் இந்தக் கவலை எதற்கு என்பீர்கள். அவை 128 குறிகள்; 34க்குப் பின் 37 சுழிகள் இட்ட அளவு. பஞ்சம் இல்லை, ஆனால் மனிதர் நினைவில் நிற்பவையும் அல்ல. எனினும் அவற்றைப் பதினாறடிமான முறையில் எழுதுவதால், இலக்கங்களோடு ஆறு ஆங்கில எழுத்துகளும் வருகின்றன. அந்த எழுத்துகளையும் சுழியையும் கொண்டு ஃபேஸ்புக் நிறுவனம் தன் பெயரையே முகவரிக்குள் எழுதிக்கொண்டது. நம் நாட்டவர்க்கு இது புதிதன்று. மேளகர்த்தா இராகங்களின் பெயரில் அதன் எண்ணை ஒளித்துவைத்த கடபயாதி முறையை நினைவுகூர்க. மேசகல்யாணியில் ம 5, ச 6. திருப்பிப் படித்தால் 65ஆம் மேளம்.

என் கருவிக்கு ஆறாம் பதிப்பு தெரியாது, கடபயாதியும் தெரியாது. பிப்ரவரியில் ஒரு நாள் மின்கலம் தீர்ந்து அது எல்லாவற்றையும் மறந்துபோயிற்று. நான் ஆய்வகத்திலிருந்து வந்து சர்வரைத் திறந்தபோது, கணக்கில் இரண்டு மணி நேரம் மட்டும் வெற்றிடம். அதன்பின் வரிகள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. தொலைபேசியில் கேட்டேன். ‘ஏடு, நாலுகு நாலுகு, நானே போட்டுவிட்டேன்’ என்றார் காவற்காரர்.