கார்பெட் சுத்தம் செய்யும் தொழில்: மெஷினுக்கு முன்னால் பயிற்சி



நமது டிரஸ்ட்டின் வட்டியில்லாக் கடன் திட்டத்தில் சென்ற ஆண்டு ஒரு தம்பிக்கு உதவினோம். வளைகுடாவில் ஏழு ஆண்டுகள் ஒரு கிளீனிங் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். சுடுநீரைப் பீய்ச்சி உடனே உறிஞ்சி எடுக்கும் கார்பெட் மெஷின் வாங்கக் கடன் கேட்டார். கொட்டேஷன் பார்த்தோம், இரண்டு ஜாமீன்தாரர்களிடம் கையெழுத்து வாங்கினோம், பணம் கொடுத்தோம். இரண்டு மாதம் தொழில் நன்றாகவே நடந்தது.

மூன்றாவது மாதம் ஒரு வீட்டில் கம்பளிக் கார்பெட் ஒன்றைச் சுத்தம் செய்தார். அந்த வீட்டுப் பெரியவர் மவுத்தாகுமுன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. ஆபீஸ் கார்பெட்டுக்கு வழக்கமாகப் போடும் காரமான திரவத்தையே இதற்கும் போட்டு, கொதிக்கும் நீரில், முரட்டு பிரஷ்ஷால் தேய்த்திருக்கிறார். சிவப்புச் சாயம் வெள்ளைப் பூவேலையில் இறங்கிவிட்டது. இழைகள் சிக்கி மொத்தையாகிவிட்டன. இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசினோம். நஷ்ட ஈட்டைத் தவணையில் கொடுக்க அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் செய்தி பரவி, அவரை யாரும் கூப்பிடவில்லை. மெஷின் இப்போது வீட்டு மூலையில் இருக்கிறது. கடனும் நிற்கிறது.

தவறு அந்தத் தம்பியுடையது மட்டுமல்ல. அவரிடம் அனுபவம் இருந்தது. ஆனால் ஏழு ஆண்டும் ஒரே வகை நைலான் கார்பெட்டின் அனுபவம். "இந்த வேலையை முறையாக எங்கே கற்றீர்கள்?" என்ற ஒரு கேள்வி நம் கடன் விண்ணப்பத்தில் இல்லை. அதைக் கேட்காதது நம் குறை. ஆகவே இந்த இதழின் தொழிற்பாடத்தை இதற்கே ஒதுக்குகிறோம்.

1. முதலில் இழையை அறிய வேண்டும்

பாயும் ஜமுக்காளமும் விரித்த வீடுகள் நம்முடையவை. சபுராளிகள் வழியாகத்தான் கார்பெட் நம் வீடுகளுக்கு வந்தது. அதனால் எல்லாக் கார்பெட்டும் ஒன்றே என்று நினைத்துவிடுகிறோம். பயிற்சி வகுப்பில் முதலில் கற்பிப்பது இழைகளின் வேறுபாட்டைத்தான்.

கம்பளி, நம் தலைமுடியைப் போன்ற புரத இழை. கடுமையான காரத்தைத் தாங்காது. குளோரின் பிளீச்சில் ஊறினால் கரைந்தே போகும். நைலான் உறுதியானது, ஆனால் உணவில் சேர்க்கும் வண்ணச் சாயங்களைப் பிடித்துக்கொள்ளும். நோன்பு திறக்கும்போது கொட்டிய ரோஸ் சர்பத் நைலானில் போகாமல் நிற்பது இதனால்தான். இன்று பல பள்ளிவாசல்களில் விரிக்கப்படும் பாலிப்ரொப்பிலீன் கார்பெட்டில் தண்ணீர்க் கறை ஏறாது. பிரியாணி எண்ணெய் விடாது. பட்டைப் போல மின்னும் விஸ்கோஸ், நனைந்தால் பலம் இழக்கும், மஞ்சளாகும். பயிற்சி பெற்றவர் அதைப் பார்த்ததும், "இதை நான் நீரில் கழுவ மாட்டேன்" என்று சொல்லிவிடுவார். எந்த வேலையை ஏற்கக் கூடாது என்று தெரிவதும் தொழில் அறிவுதான்.

இழையைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. உரிமையாளர் அனுமதியுடன் ஓரத்தில் ஒரு நூலை எடுத்து, கார்பெட்டுக்கு அப்பால் வைத்துக் கொளுத்த வேண்டும். கம்பளி முடி கருகும் வாடை தரும். சாம்பல் விரலில் பொடியும். நைலானும் பாலிப்ரொப்பிலீனும் உருகிக் கெட்டி மணியாகும். சாயம் இறங்குமா என்பதற்கும் சோதனை உண்டு. போடப்போகும் திரவத்தில் வெள்ளைத் துணியை நனைத்து, மறைவான இடத்தில் ஒவ்வொரு நிறத்தின் மீதும் ஒரு நிமிடம் அழுத்திப் பார்க்க வேண்டும். துணியில் நிறம் ஏறினால் வேலையை நிறுத்த வேண்டும். அந்தத் தம்பிக்கு இந்த ஒரு நிமிடம் தெரிந்திருந்தால் போதும்.

2. வேலையின் ஒழுங்கு

கார்பெட்டில் இருக்கும் அழுக்கில் பெரும்பகுதி காய்ந்த மண்ணும் தூசியும்தான். ஆகவே முதல் வேலை நன்றாக வேக்குவம் செய்வது. அதைச் செய்யாமல் தண்ணீர் விட்டால் தூசி சேறாகும். பிறகு திரவத்தைத் தெளித்து, பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, மெதுவாகத் தேய்த்து, நீரால் அலசி உறிஞ்சி, காற்றோட்டத்தில் உலர்த்த வேண்டும்.

1959-இல் ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் சுத்தம் செய்வதை நான்கு அம்சங்களாக விளக்கினார்: ரசாயனம், சூடு, தேய்ப்பு, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்ட வேண்டும். கம்பளிக்கு ரசாயனத்தையும் சூட்டையும் கூட்ட முடியாது. அதனால் நேரம் கொடுக்க வேண்டும். அவசரத்தில் செய்கிறவர் காரத்தைக் கூட்டுகிறார். காரத்தை அளக்கும் பி.எச். அளவில் 7 என்பது நடுநிலை. அதற்கு மேல் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. ஆகவே 10 உள்ள திரவம் 7-ஐ விட மூன்று மடங்கு அல்ல, ஆயிரம் மடங்கு காரமானது. லேபிளில் உள்ள அந்த எண்ணைப் படிக்கத் தெரியாமல் திரவத்தைக் கையில் எடுக்கக் கூடாது.

உலர்த்துவதிலும் கவனம் வேண்டும். ஒன்றிரண்டு நாள் ஈரமாகவே கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். சணல் அடித்துணி உள்ள கார்பெட்டில் நீர் அதிகமானால் பழுப்பு நிறம் மேலே ஏறும். வாளி வாளியாக ஊற்றிக் கழுவினால்தான் சுத்தம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

குழந்தை சிறுநீர் கழித்த இடத்தைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். கறையும் வாடையும் நீங்குவது தொழிலாளியின் வேலை. நஜீஸ் நீங்கி இடம் சுத்தமாவது மார்க்கச் சட்டம். அதை இமாமிடம் கேட்டு, அவர் சொல்லும் முறையைத் தொழிலாளிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: பழைய சிறுநீரில் அம்மோனியா இருக்கும். அதன் மேல் பிளீச் ஊற்றினால் மூச்சைப் பாதிக்கும் விஷ வாயு உண்டாகும். யாரும் அப்படிச் செய்ய வேண்டாம்.

3. சான்றிதழ் யாருக்கு, சங்கம் எதற்கு?

இவை இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சான்றிதழ் என்பது ஓர் ஆள் படித்துத் தேர்வில் தேறியதற்குச் சாட்சி. சங்க உறுப்பினர் தகுதி என்பது அவர் தொழில் நடத்தும் முறைக்குச் சாட்சி.

முதலாவதற்கு உதாரணம், 1972-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஐ.ஐ.சி.ஆர்.சி. என்ற அமைப்பு. இது தானே வகுப்பு நடத்துவதில்லை; பயிற்சிப் பள்ளிகளையும் ஆசிரியர்களையும் அங்கீகரித்து, தேர்வு வைத்துச் சான்று தருகிறது. கார்பெட் சுத்தம், சோபா சுத்தம், நீர் புகுந்த வீட்டைச் சீராக்குதல் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பாடம் உண்டு. ஒரு முறை வாங்கிய சான்று ஆயுள் முழுக்கச் செல்லாது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், தொடர்ந்து வகுப்புக்கும் போக வேண்டும்.

இரண்டாவதற்கு உதாரணம் பிரிட்டனின் தேசியக் கார்பெட் சுத்திகரிப்பாளர் சங்கம். 1968-இல் தொடங்கியது, என்.சி.சி.ஏ. என்று அழைப்பார்கள். பிரிட்டனில் கார்பெட் சுத்தம் செய்யச் சட்டப்படி உரிமம் எதுவும் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் வேனும் மெஷினும் வாங்கி இன்றே தொடங்கலாம். அப்படியானால் நல்லவரை எப்படி அடையாளம் காண்பது? அந்த இடத்தைச் சங்கம் நிரப்புகிறது. உறுப்பினருக்குப் பயிற்சி வேண்டும், காப்பீடு வேண்டும், நடத்தை விதிகளை ஏற்க வேண்டும். வாடிக்கையாளருக்குக் குறை இருந்தால் முறையிட ஓர் இடம் இருக்கிறது.

காப்பீட்டிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பொதுப் பொறுப்புக் காப்பீடு என்பது, வேலை செய்யும்போது பக்கத்தில் இருந்த அலமாரி உடைந்தால் ஈடு தரும். கையில் எடுத்து வேலை செய்த கார்பெட்டே பாழானால் பெரும்பாலும் தராது. அதற்கென்று தனிப் பிரிவு சேர்க்க வேண்டும். பிரிட்டனில் அதை ட்ரீட்மென்ட் ரிஸ்க் என்பார்கள். பாலிசி எடுப்பவர், "நான் வேலை செய்யும் பொருளே கெட்டுப்போனால் பணம் வருமா?" என்று நேராகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

சங்கம் என்று பெயர் வைத்த எல்லாம் சங்கமாகாது. பணம் கட்டிய மறுநாளே சான்றிதழ் அனுப்பும் இடங்களும் உண்டு. தேர்வு உண்டா, காப்பீடு கேட்கிறார்களா, புகாரை விசாரிக்கிறார்களா, தவறு செய்த உறுப்பினரை நீக்கும் விதி இருக்கிறதா என்று பாருங்கள். இவை இல்லாத இடத்தில் கட்டும் பணம் வெறும் சுவர் அலங்காரத்துக்குத்தான்.

4. நம் இளைஞர்கள் செய்யக்கூடியது

முதலில், அனுபவம் உள்ளவர்கள் அதைச் சான்றாக மாற்றப் பார்க்கலாம். 2015-இல் தொடங்கிய பிரதம மந்திரி கௌஷல் விகாஸ் யோஜனாவில், வேலை செய்தே கற்றவர்களின் திறனைச் சோதித்து அங்கீகரிக்கும் பிரிவு உண்டு. கார்பெட்டுக்கென்றே இல்லாவிட்டாலும் ஹவுஸ்கீப்பிங் பயிற்சி நல்ல அடித்தளம். இப்போது எந்த வகுப்பு நடக்கிறது என்று மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

அடுத்து, தொழிலைப் பதிவு செய்யுங்கள். 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள உத்யம் பதிவு இலவசம். அரசுத் தளத்தில் ஆதாரை வைத்துச் செய்யலாம். இடைத்தரகருக்குக் கட்டணம் தர வேண்டியதில்லை. ஆனால் அது தொழில் இருக்கிறது என்பதற்கான சான்றுதான். வேலை தெரியும் என்பதற்கு அல்ல.

மூன்றாவது, வெளிநாட்டில் இருக்கும் தம்பிகள் அங்கேயே கேளுங்கள். கம்பெனி செலவில் பயிற்சிக்கு அனுப்பினால் மறுக்காதீர்கள். விடுமுறை நாள் ஒன்று போகிறதே என்று பார்க்க வேண்டாம். ஊர் திரும்பும்போது பெட்டியோடு அந்தச் சான்றும் வரட்டும்.

நான்காவது, ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் போட்டோ எடுங்கள். இருக்கும் கறை, கிழிசல், நிறம் மங்கிய இடம் எல்லாவற்றையும் தாளில் எழுதி வீட்டார் கையெழுத்து வாங்குங்கள். பிறகு வரும் சச்சரவில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

5. வீட்டாரும் முத்தவல்லிகளும் கேட்க வேண்டியவை

கார்பெட்டை ஒப்படைக்குமுன் ஐந்து கேள்விகள் கேளுங்கள். இது என்ன இழை? சாயச் சோதனை செய்வீர்களா? எந்தத் திரவம் போடுவீர்கள்? எத்தனை மணி நேரத்தில் உலரும்? கெட்டுப்போனால் யார் பொறுப்பு? பதில் சொல்லத் தெரிந்தவர் கூலி சற்று அதிகம் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். பயிற்சிக்கும் காப்பீட்டுக்கும் செலவழித்தவரை, எதுவும் செலவழிக்காதவரின் கூலிக்கு இழுத்தால், அடுத்தவர் யாரும் பயிற்சிக்குப் போக மாட்டார்.

பிறர் பொருள் நம் கையில் இருக்கும் நேரமெல்லாம் அது அமானத். உழைப்பவர் அதை அறிந்தே உழைக்க வேண்டும். அவருக்கு உதவும் டிரஸ்ட்டும் அதை அறிந்தே உதவ வேண்டும்.

இனி தொழில் கருவிக்குக் கடன் கேட்டு வரும் எவரிடமும் பயிற்சி பற்றி முதலில் கேட்போம். பயிற்சி இல்லாதவருக்குக் கடனை மறுக்க மாட்டோம். பயிற்சிக் கட்டணத்தை முதல் தவணையாகவும், மெஷினை இரண்டாம் தவணையாகவும் தருவோம். அந்தத் தம்பியின் கடன் தவணையைத் தள்ளிவைத்திருக்கிறோம். அவரைப் பயிற்சிக்கு அனுப்பும் ஏற்பாடும் நடக்கிறது. அவர் திரும்பி வந்ததும் முதல் வேலையை நம் டிரஸ்ட் அலுவலகத்துக் கார்பெட்டிலேயே தொடங்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். அதன் பிறகு நீங்களும் அவரை ஒரு முறை கூப்பிட வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

வஸ்ஸலாம்.

– செயலாளர்