பசி தீர்ந்த மனை

வறுமையைப் பாடிய பாடல்கள் சங்க இலக்கியத்தில் பல. புரவலன்முன் நின்று, தன் இல்லத்தின் நிலையை எடுத்துரைத்துப் பரிசில் வேண்டும் புலவரைப் புறநானூற்றில் மீண்டும் மீண்டும் காணலாம். ஆனால், பரிசில் பெற்ற புலவர் வீடு திரும்பிய பின்னர் என்ன நிகழ்ந்தது? நேற்றுவரை உப்பில்லாக் கீரை வெந்த அடுப்பில் இன்று சோறு வேகிறது. அந்த மனையில் இருந்தவர்கள் அப்போது யாரை நினைத்தனர்? இக்கேள்விக்கு விடைதரும் பாடல்கள் மிகச் சில. அவற்றுள் தலையாயது பெருஞ்சித்திரனார் தம் மனைவியை நோக்கிப் பாடிய 163ஆம் பாடல்.

உ.வே.சாமிநாதையர் 1894இல் பதிப்பித்து வெளியிட்ட புறநானூற்றில், 158 முதல் 163 வரையுள்ள ஆறு பாடல்களும் பெருஞ்சித்திரனார் பாடியவை. அனைத்தும் முதிரமலைத் தலைவனாகிய குமணனோடு ஏதேனும் ஒருவகையில் தொடர்புடையவை. இவ்வரிசை தொகுத்தோர் அமைத்த வரிசை. நிகழ்ச்சிகளும் இதே வரிசையில் நடந்தன என்று சாதிக்க வேண்டியதில்லை. எனினும், இப்பாடல்களைத் தொடர்ந்து படிப்பவருக்கு ஒரு குடும்பத்தின் கதை தெளிவாகவே புலப்படும்.

வெறுங்கலம்

புலவரின் இல்லத்தை முதலில் 159ஆம் பாடலில் காண்கிறோம். அங்கே முதிய தாய் ஒருத்தி இருக்கிறாள். ஆண்டுகள் பல கழிந்தும் தன் உயிர் போகவில்லையே என்று நொந்துகொள்கிறாள். கோலையே காலாகக் கொண்டு சிற்றடி வைத்து நடக்கிறாள். கண் மங்கியதால் முற்றத்திற்கும் அவள் வருவதில்லை. மனைவியோ பல சிறு குழந்தைகளின் தாய். பிள்ளைகள் பிசைந்து உண்டு வற்றிய மார்பினள், மேனி பசந்தவள். குப்பையில் முளைத்த கீரையை, அது முற்ற வளர்வதற்கு முன்னரே கொய்து, உப்பின்றி வெறும் நீரில் வேகவைத்து உண்கிறாள். மோரும் இல்லை, சோறு என்பதையே மறந்துபோயிற்று. கிழிந்து அழுக்கேறிய ஆடையுடன் அவள் அறக்கடவுளைப் பழிக்கிறாள். கணவனைப் பழித்தாளா என்பதைப் புலவர் சொல்லவில்லை.

அதைச் சொல்லும் பொறுப்பை அடுத்த பாடலில் ஒரு குழந்தை ஏற்றுக்கொள்கிறது. குடுமி வைத்த சிறுவன் அவன். உண்ண ஒன்றும் இல்லாத வீட்டில் தங்க மனமின்றி வெளியிலேயே திரிகிறான். பசி மிகும்போது உள்ளே வருகிறான், தாயின் மார்பைச் சுவைக்கிறான், பால் இல்லை. கூழும் சோறும் வேண்டி வீட்டிலுள்ள கலங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறான். எல்லாம் வெறுங்கலங்கள். அவன் அழுகிறான். தாய் புலி வருகிறது என்று அச்சுறுத்துகிறாள். நிலவைக் காட்டி ஆற்றுகிறாள். எதற்கும் அழுகை ஓயாதபோது, உன் தந்தையை நினைத்து நீ எவ்வாறு சினந்து முகம் காட்டுவாய், அதைக் காட்டு என்று கேட்கிறாள்.

பசித்த பிள்ளைக்குத் தாய் காட்டும் விளையாட்டு இது. ஆனால், இவ்விளையாட்டைப் பாடலில் பதிவுசெய்பவர் யார் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். பிள்ளை சினக்க வேண்டிய அந்தத் தந்தையே பாடலைப் பாடுகிறார். இல்லத்திலிருந்து நெடுந்தொலைவில், குமணனின் அவையில் நின்று, தம்மை நோக்கிச் சுளிக்கும் அந்தச் சிறு முகத்தைத் தாமே எடுத்துரைக்கிறார். குற்றவுணர்வு என்னும் சொல் சங்கப் பாடல்களில் இல்லை. அவ்வுணர்வு எப்படிப்பட்டது என்பதற்கு இக்காட்சியைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

உவந்து ஈந்தது எதுவாயினும்

இத்தகைய வறுமையில் உழன்றவர் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியிருக்கலாம். பெருஞ்சித்திரனார் அவ்வாறு செய்யவில்லை. முகம் மலராமல் கொடுத்தால் யானையே ஆயினும் கொள்ளேன், உவந்து கொடுத்தால் குன்றிமணி அளவே ஆயினும் கொள்வேன் என்று 159ஆம் பாடலிலேயே கூறிவிடுகிறார். அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரில் காணாமல் பரிசில் அனுப்பியபோதும், பொருளுக்காகப் பாடும் வணிகன் தாம் அல்லர் என்று மறுத்தவர் இவர். அது 208ஆம் பாடல்.

இளவெளிமான் நிகழ்ச்சி பலரும் அறிந்தது. அவன் தகுதியறியாது சிறிது கொடுக்க, அதனைக் கொள்ளாமல் புலவர் குமணனிடம் சென்றார். யானையைப் பரிசிலாகப் பெற்றார். அந்த யானையை இளவெளிமானின் ஊருக்கே கொண்டுவந்து அவனது காவல்மரத்தில் கட்டினார். இரப்போரும் உண்டு, அவர்க்கு ஈவோரும் உண்டு என்பதை இப்போது அறிந்துகொள், இந்த யானை நான் உனக்குத் தரும் பரிசில் என்று கூறிச் சென்றார். வீட்டில் கலம் வெறுமையாக இருக்கும்போது வழியில் ஒரு யானையைக் கட்டிவிட்டுப் போவது செருக்கு என்று சிலர் கருதக்கூடும். அக்கருத்தில் உண்மை இல்லாமல் இல்லை. அச்செருக்கின் விலையை வீட்டில் இருந்தவர்களும் சேர்ந்தே செலுத்தினர். ஆயினும், பெற்ற பொருளைப் பிறருக்கு எப்படிக் கொடுக்க வேண்டும் என்று பின்னால் மனைவியிடம் பேசப்போகிறவரின் இயல்பு இந்நிகழ்ச்சியில் முன்னரே தெரிந்துவிடுகிறது.

குறியெதிர்ப்பை

இனி 163ஆம் பாடல். புலவர் வளத்தோடு இல்லம் திரும்பிவிட்டார். மனையில் மனைவி நிற்கிறாள். முதற்பேச்சே கொடுப்பதைப் பற்றியதாக இருக்கிறது. உன்னை விரும்பி வாழ்பவர்க்கும் கொடு. நீ விரும்புகின்றவர்க்கும் கொடு. உன் சுற்றத்தார்க்கும் கொடு. நம் சுற்றத்தின் கடும்பசி தீரும்பொருட்டு உனக்கு நெடுநாள் தவணையில் குறியெதிர்ப்பை கொடுத்து உதவியவர்க்கும் கொடு. இன்னார் என்று பாராதே, என்னைக் கேட்டுக்கொண்டிராதே, சேர்த்துவைத்து வளமாக வாழ்வோம் என்றும் எண்ணாதே. பழங்கள் தொங்கும் முதிரமலையின் தலைவன் குமணன் தந்த வளம் இது. எல்லார்க்கும் நீயும் கொடுப்பாயாக. பாடலின் பொருள் இவ்வளவே.

இப்பட்டியலில் நான்காவதாக நிற்பவர்களைச் சற்று நின்று காண வேண்டும். குறியெதிர்ப்பை என்பது அளந்து வாங்கி, அதே அளவு திருப்பித் தரும் கடன். ஒரு படி அரிசியோ சிறிதளவு எண்ணெயோ அண்டைவீட்டில் வாங்கி, வந்ததும் அளந்து கொடுக்கும் கைம்மாற்று வழக்கம் இன்றும் நம் ஊர்களில் உண்டு. அதில் வட்டி இல்லை, எழுத்தும் இல்லை. திருக்குறளில் ஈகை அதிகாரத்தின் முதற்குறளிலேயே இச்சொல் இடம்பெறுகிறது. திரும்பி வரும் என்று எதிர்பார்த்துக் கொடுப்பது ஈகை ஆகாது என்பதைக் காட்ட வள்ளுவர் இச்சொல்லைப் பயன்படுத்துகிறார். பெருஞ்சித்திரனார் இல்லத்திற்குக் கிடைத்ததோ நெடுநாள் தவணை. திரும்ப வருமா என்று அறியாத நிலையிலும் மீண்டும் மீண்டும் அளந்து கொடுத்த அண்டைவீட்டார் அவர்கள். பெயருக்குக் கடன், உண்மையில் அது கடனுக்கும் ஈகைக்கும் இடைப்பட்ட ஒன்று. அவர்களும் செல்வர்களாக இருந்திருப்பர் என்று கருத இடமில்லை.

அக்கடனை வாங்கியவர் யார்? உனக்குத் தந்தவர் என்றே புலவர் மனைவியிடம் கூறுகிறார். எனக்குத் தந்தவர் என்று கூறவில்லை. புலவர் புரவலர்களைத் தேடி நாடு நாடாகச் சென்றிருந்த நாள்களில், கலத்தைக் கையில் ஏந்தி அயலார் வாயிலில் நின்றவள் அவள். அவையில் பாடிப் பரிசில் பெறுவதில் புலவர்க்குப் பெருமை உண்டு. யானையை மறுக்கும் உரிமையும் உண்டு. வாயிலில் நின்று ஒரு படி தானியம் கேட்பவளுக்கு அத்தகைய உரிமை எதுவும் இல்லை. முகம் மலர்ந்து தந்தாலும் முகம் சுளித்துத் தந்தாலும் வாங்கித்தான் ஆக வேண்டும். உள்ளே பிள்ளை அழுதுகொண்டிருக்கிறான்.

என்னைக் கேளாதே என்று கணவர் கூறுவதற்கு உரிய பொருள் இங்கே விளங்குகிறது. கொடைக்கு எல்லை இல்லை என்பதைக் காட்டும் தொடராகவே அதனைப் பெரும்பாலும் படித்துவிடுகிறோம். யார் யார் எவ்வளவு தந்தனர், யார் எந்த நாளில் எப்படித் தந்தனர் என்பதை அறிந்தவள் அவள் ஒருத்தியே. அவரைக் கலந்து பேசுவதால் ஆவது ஒன்றுமில்லை. அவர் அப்போது ஊரில் இல்லை. நீயும் கொடு என்னும்போது அச்சொல்லில் உள்ள உம்மை, கொடுப்பவர் என்னும் சிறப்பை அவளுக்கும் உரியதாக்குகிறது. இதுவரை அவள் பெற்றவளாகவே இருந்தாள்.

சேர்த்துவைக்க எண்ணாதே என்பது மட்டும் படிப்பவரை உறுத்தக்கூடும். நேற்று வெறுங்கலத்தைத் திறந்து அழுத பிள்ளைக்கு நாளைக்கு என்று சிறிது எடுத்துவைப்பது தவறா? தாய் ஒருத்தி அவ்வாறு எண்ணுவது இயல்பே. புலவரும் அதை அறிந்தே முந்திக்கொண்டு பேசுகிறார். அன்றைய வாழ்வில் புலவர் குடும்பத்திற்கு நிலையான வருவாய் இல்லை. புரவலர் தந்த வளம் எவ்வளவு பெரிதாயினும் ஒருநாள் தீரும். தீர்ந்தபின் மீண்டும் நிற்க வேண்டியது அதே அயலார் வாயிலில்தான். குதிரில் இட்ட நெல் குறைந்துகொண்டே போகும். அயலார் வீட்டில் சேர்ந்த நெல்லுக்கு நினைவு உண்டு. ஆயினும் பாடலில் இத்தகைய கணக்கு எதுவும் பேசப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். குமணன் கணக்குப் பார்த்துத் தரவில்லை, ஆகவே நாமும் பார்க்க வேண்டா என்னும் அளவோடு புலவர் நின்றுவிடுகிறார்.

அடைத்த கதவும் திறந்த வழியும்

பெற்றவர் தம்மவரோடு நின்றுவிடாமல் முன்பின் அறியாதவர்க்கும் உதவும் மரபு ஆற்றுப்படையில் உண்டு. வளம் பெற்றுத் திரும்பும் கூத்தரும் பாணரும் பொருநரும் விறலியரும், அதனைப் பெறாதவரை வழியில் கண்டு, தாம் பெற்ற இடத்தை உரைப்பர் என்று தொல்காப்பியம் இதற்கு இலக்கணம் கூறுகிறது. பொருநராற்றுப்படையில் கரிகாலனிடம் வந்த பொருநனின் ஆடை பேனும் ஈரும் குடிகொண்ட தையற்கந்தல். அதனை நீக்கிப் பாம்பின் உரிபோன்ற மெல்லாடை தருகிறான் அரசன். கொல்லையை உழுத கொழுவைப்போலப் பற்கள் மழுங்கும்வரை இரவும் பகலும் ஊன் உண்கிறான் பொருநன். ஒருநாள் உணவே வெறுத்துப்போகிறது. எம் பழைய ஊருக்குச் செல்கிறோம் என்று மெல்லிய குரலில் விடை கேட்கிறான். இவ்வளவு விரைவிலா பிரிகிறீர் என்று அரசன் சினந்தவன்போல் நோக்கிப் பரிசில் தருகிறான். உணவு தெவிட்டியது மட்டுமே அவன் விடைபெறக் காரணமா, பழைய ஊரின் நினைவும் சேர்ந்ததா என்பதைப் படிப்பவரே உய்த்துணரலாம்.

நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் வரும் அட்டில் காட்சி இன்னும் நெருக்கமானது. கண் திறவாத குட்டிகள் பால் வற்றிய மடியைக் கவ்வ, பொறாமல் குரைக்கும் நாய். கறையான் அரித்த பழஞ்சுவரில் பூத்த காளான். குப்பையில் பறித்த வேளைக்கீரை. அதுவும் உப்பின்றி வெந்தது. இதனைப் பிறர் காணலாகாது என நாணிக் கதவை அடைத்துக்கொண்டு, சுற்றத்தார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்கின்றனர். பகிர்வதற்கு ஒன்றும் இல்லாத நாளிலும் அவர்கள் பகிர்ந்தே உண்டனர் என்பது இங்கே தற்செயலாகச் சொல்லப்பட்டுவிடுகிறது.

இக்காட்சியைக் கூறுபவன் நல்லியக்கோடனிடம் யானையும் தேரும் பெற்று வருபவன். பழைய அடுப்பைப் பற்றி இனி அவன் பேச வேண்டியதில்லை. மறைத்திருந்தாலும் குறை கூறுவார் எவருமில்லை. ஆயினும், எந்த வறுமையை நாணிக் கதவடைத்தனரோ அதனை இன்று நடுவழியில், பெயரும் அறியாத ஒரு பாணனுக்குத் திறந்து காட்டுகிறான். எதிரே நிற்பவனின் அட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

பெருஞ்சித்திரனாரின் மனைவி என்ன மறுமொழி கூறினாள் என்பது 163ஆம் பாடலில் இல்லை. கணவர் சொல்லி முடித்ததும் பாடலும் முடிந்துவிடுகிறது. எந்த வாயிலுக்கு முதலில் போக வேண்டும் என்பதை அவள் அறிவாள்.