பிரயாணியின் அமானிதம்



ஏழாம் நூற்றாண்டில் கலீபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசம் செல்லும் வழியில், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகக் கேள்வியுற்றுத் திரும்பத் தீர்மானித்தார்கள். இறைவிதியை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவ, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்வதாக விடையளித்தார்கள். நோய் கண்ட ஊருக்குள் போகலாகாது, அவ்வூரிலிருப்போர் நோய்க்கு அஞ்சி வெளியேறலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை.

அப்பாடம் 2020 மார்ச்சில் நம் வாசலுக்கும் வந்தது. இந்தியா வெளிநாட்டு விமானங்களை நிறுத்திற்று. சிங்கப்பூர் குறுகியகால வருகையாளருக்குக் கதவடைத்தது. ஊரில் பெற்றோரின் ஜனாஸாவுக்குப் போக வழியின்றித் தேம்பியவர் நம்மில் உண்டு. மே மாதம் சிறப்பு விமானங்கள் பறந்தபோது, எப்படியேனும் ஏறிவிடத் துடித்தோம்.

அத்துடிப்பு நியாயமே. ஆயினும் காய்ச்சலை மாத்திரையால் அடக்கி, படிவத்தில் “இல்லை” என்றெழுதுவது சாமர்த்தியமன்று, பொய். வந்திறங்கியபின் 14 நாள் தனித்திராமல் கடைத்தெருவில் உலவுவதும் அவ்வாறே. பக்கத்து ஆசனத்தாரின் உயிர் நம்மிடம் அமானிதம். அடியானுக்கிழைத்த தீங்கை அந்த அடியானே பொறுக்க வேண்டும். விமானம் விட்டிறங்கியவரை எங்கே தேடி மன்னிப்புக் கேட்போம்?

2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் கோவிட் எல்லைக் கட்டுப்பாடுகள் நீங்கின. மறுமைக் கேள்வி நீங்கவில்லை. அல்லாஹ் நம்மைக் காப்பானாக. ஆமீன்.