நில அதிர்ச்சிப் பதிவும் நிலையங்களின் ஒத்துழைப்பும்

2020-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் பிற்பகலில் பெங்களூரின் கிழக்குப் பகுதிகளில் பேரோசை ஒன்று எழுந்தது. காக்ஸ் டவுனை அடுத்த குக் டவுன், அல்சூர் முதல் ஒயிட்ஃபீல்டு வரை அது கேட்டது. பூகம்பமோ என்று மக்கள் அஞ்சினர். கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் தன் கருவிகளின் பதிவுகளைப் பரிசீலித்து, நில அதிர்ச்சி ஏதுமில்லை என்று அறிவித்தது. விமானப்படையின் சோதனை விமானமொன்று ஒலியினும் விரைந்து பறந்ததே காரணமென்று பின்னர் விளக்கம் வெளியாயிற்று. ஒரு கருவி மட்டும் அசையாதிருப்பின் அது பழுதுற்றிருத்தலும் கூடும். பல இடங்களிலுள்ள கருவிகள் யாவும் அசையாதிருந்தாலன்றி, ‘இல்லை’ என்று உறுதி கூறுதல் இயலாது.

அதிர்ச்சி உண்மையில் நேரும்போது இத்தேவை இன்னும் மிகுகிறது. அதிர்ச்சி தோன்றிய இடத்தினின்று இருவகை அலைகள் புறப்படுகின்றன. முதல் அலை பாறையினூடே வினாடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் வேகத்திலும், இரண்டாம் அலை சுமார் 3.5 கிலோமீட்டர் வேகத்திலும் செல்லும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணித் தொலைவை அறிவது போன்றே, இவ்வலைகளின் இடைவெளியைக் கொண்டு தொலைவைக் கணிக்கலாம். இடைவெளி 10 வினாடியாயின், தொலைவு 80 கிலோமீட்டருக்குச் சற்று மிகும். ஆனால் எத்திசையில் என்பது இதனால் விளங்காது. நிலையத்தை மையமாகக் கொண்டு தேசப்படத்தில் ஒரு வட்டம் வரையலாம், அவ்வளவே. மூன்று நிலையங்களின் வட்டங்கள் கூடுமிடமே அதிர்ச்சியின் இடமாகும்.

இக்காலத்தில் பல நிலையங்களில் முதல் அலை வந்து சேர்ந்த நேரங்களை ஒப்பிட்டு இக்கணக்கு செய்யப்படுகிறது. ஆதலின் ஒரு நிலையத்தின் கடிகாரம் ஒரு வினாடி பிந்தினும், அந்நிலையத்தின் தொலைவில் 6 கிலோமீட்டர்ப் பிழை புகுந்துவிடும். 1900 பிப்ரவரி 8-இல் கோயம்புத்தூரை உலுக்கிய நிலநடுக்கத்தை நினைத்துப் பார்க்க. அந்நாளில் இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் என்பதே கிடையாது. சென்னை நேரமும் கல்கத்தா நேரமும் அரைமணிக்கு மேல் வேறுபட்டன. இந்தியப் பொதுநேரம் 1906-இல்தான் வந்தது. அன்றைய ஊர்க் கடிகாரங்களைக் கொண்டு வினாடிக் கணக்குப் பார்ப்பது எங்ஙனம்? இன்று செயற்கைக்கோள்கள் தரும் நேரம் இக்குறையைத் தீர்த்துவிட்டது.

பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில் 1965-இல் நிறுவப்பட்ட அணிநிலையம் கூட்டுறவுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. தொலைநாடுகளின் நிலத்தடி அணுவெடிப்புகளைக் கண்டறிவது அதன் முதல் நோக்கம். இருபது கருவிகள் இரு கைகளாக, ஆங்கில எழுத்தாகிய ‘எல்’ வடிவில், கிலோமீட்டர்க் கணக்கில் பரப்பி வைக்கப்பட்டன. அலை ஒவ்வொரு கருவியையும் அடையும் காலவேறுபாட்டை ஈடுசெய்து பதிவுகளைக் கூட்டினால், காற்றும் வண்டிப் போக்குவரத்தும் எழுப்பும் இரைச்சல் அடங்கி, மெல்லிய அதிர்வும் துலக்கமாகிறது.

இதனையே நாடளாவச் செய்தல் எளிதன்று. அணைக்கட்டுகளின் அருகே மாநில நிலையங்கள், ஐதராபாத்தில் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையம், வானிலை இலாகாவின் பழைய நிலையங்கள் என ஒவ்வொன்றும் தன்தன் தேவைக்கேற்ப வளர்ந்தவை. 1993 செப்டம்பர் 30-இல் மராட்டியத்துக் கில்லாரியில் பல்லாயிரவர் மாண்ட பின்னரே தென்பீடபூமியின் நிலையங்கள் பெருமளவில் புதுப்பிக்கப்பட்டன. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் பதினேழு நிலையங்களின் பதிவுகள் செயற்கைக்கோள் வழியாகத் தில்லிக்கும் ஐதராபாத்துக்கும் ஒரே சமயத்தில் சேர ஏற்பாடாயிற்று. 2014-இல் தேசிய நில அதிர்ச்சியியல் மையம் அமைக்கப்பட்டது. பேரழிவு வந்து நெருக்கியபோதெல்லாம் ஒத்துழைப்பு ஒரு படி முன்னேறியிருக்கிறது. அமைதியான ஆண்டுகளில் கோப்புகள் மெல்ல நகர்வதே வழக்கம்.

2021 டிசம்பர் 22 காலையில் சிக்கபள்ளாபூர்ப் பக்கம் இரண்டு சிறு அதிர்ச்சிகள் நேர்ந்தன. தேசிய மையமும் மாநில மையமும் வெளியிட்ட அளவெண்கள் சற்றே வேறுபட்டன. இதில் எவர் மீதும் குற்றமில்லை. வெவ்வேறு நிலையங்களின் பதிவுகளை வெவ்வேறு சூத்திரங்களால் கணித்தால் விடை சற்று மாறவே செய்யும். ஆயினும் இத்தகைய சிற்றதிர்ச்சிகளை அருகிலுள்ள நிலையங்களே நன்கு உணரும். தொலைநிலையங்களில் அவை இரைச்சலில் அமிழ்ந்துவிடும். எனவே மாநிலப் பதிவுகள் உடனுக்குடன் பொதுக்கணக்கில் சேருமாயின், எந்தப் பாறைப் பிளவு அசைந்தது என்பதைச் சில கிலோமீட்டருக்குள் சுட்டலாம். அணைகளைக் காக்கும் பொறியாளருக்கு வேண்டுவது அதுவே.