இரண்டு ஜெர்சிகள்

அன்பு மருமகளே,

உன் கடிதம் கிடைத்தது. என்.பி.ஏ. ஆட்டங்களைக் காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் விடாமல் பார்க்கிறாய். ஆனால் உலகக் கோப்பை, யூரோலீக், ஆசிய விளையாட்டு, ஆப்பிரிக்க லீக் என்று ஆண்டு முழுக்க எங்காவது ஒரு கோப்பைக்கு ஆட்டம் நடந்துகொண்டே இருக்கிறது, எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று கேட்டிருக்கிறாய். எல்லாவற்றையும் பார்க்க யாராலும் முடியாது, நீ முயலவும் வேண்டாம். நான் செய்வதைச் சொல்கிறேன். நான்கைந்து ஆட்டக்காரர்களைப் பிடித்துக்கொள். அவர்கள் கிளப் ஜெர்சியில் என்ன செய்கிறார்கள், அதே ஆண்டில் நாட்டு ஜெர்சியில் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் கவனி. உலகக் கூடைப்பந்து அவர்கள் வழியாகவே உனக்குப் பிடிபடும். 2023-ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். அவ்வளவு நிறைவான ஆண்டு அது.

முதலில் மாதங்களை மனதில் வாங்கிக்கொள். என்.பி.ஏ. அக்டோபரில் தொடங்கி ஜூனில் முடியும். ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் யூரோலீக்கும் அக்டோபரில் தொடங்கி மே மாதம் முடியும். ஆக, ஒரு நல்ல ஆட்டக்காரரின் காலத்தில் எட்டு ஒன்பது மாதம் கிளப்புக்குப் போய்விடுகிறது. நாட்டு அணிக்கு மிஞ்சுவது கோடையில் சில வாரங்கள்தான். கிளப் அணி தினமும் சேர்ந்து பயிற்சி செய்து உருவாகிறது, நாட்டு அணி அவசரமாகக் கூடுகிறது. அந்த ஆண்டின் முடிவுகளில் பாதியை இந்த ஒரு விஷயத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

எடி டவாரெஸிலிருந்து தொடங்குகிறேன். அட்லாண்டிக் கடலில் கேப் வெர்டே என்ற சின்னத் தீவு நாடு இருக்கிறது. அங்கே மாயோ தீவில் பிறந்தவர். உயரம் 2.21 மீட்டர். பதினேழு வயது வரைக்கும் பாஸ்கெட்பால் ஆடியதே இல்லை. ஸ்பெயினின் கிரான் கனாரியா கிளப் அழைத்துக்கொண்டு போய் அடிப்படையிலிருந்து கற்றுக்கொடுத்தது. உன் வயதில் அவர் பந்தைத் தொட்டிருக்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள். பிறகு என்.பி.ஏ.வுக்குப் போனார், அங்கே சில ஆட்டங்களுக்கு மேல் இடம் கிடைக்கவில்லை. ரியல் மாட்ரிட்டுக்கு வந்தவர் ஐரோப்பாவிலேயே கடக்க முடியாத மதிலாக நின்றார்.

ஏன் இந்த வேறுபாடு? திறமை மட்டும் காரணம் இல்லை, விதியும் காரணம். என்.பி.ஏ.வில் தடுக்கிற ஆள் யாரையும் நெருங்கிக் காக்காமல் ரிங்கின் முன்னால் உள்ள கட்டத்துக்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. சர்வதேச சம்மேளனமான ஃபீபாவின் விதியில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. யூரோலீக்கிலும் கிடையாது. உயரமான ஒருவர் ரிங்கின் அடியிலேயே காவல் நிற்கலாம். ஆட்ட நேரமும் அங்கே 48 நிமிடம், இங்கே 40. அங்கே ஆறு ஃபவுலில் வெளியே, இங்கே ஐந்தில். த்ரீ பாயிண்ட் கோடு அங்கே 7.24 மீட்டர், இங்கே 6.75. உன் பள்ளி கோர்ட்டிலும் ஃபீபா விதிதான். நீ பார்ப்பது ஒன்று, ஆடுவது இன்னொன்று. என்.பி.ஏ.வில் பார்த்ததை அப்படியே செய்து பார்த்துவிட்டு நடுவில் இடமே இல்லை என்று நீ வருத்தப்பட்டாயே, காரணம் இதுதான்.

டவாரெஸின் அந்த மே மாதத்துக்கு வருகிறேன். யூரோலீக் காலிறுதித் தொடரில் ரியல் மாட்ரிட், பெல்கிரேடின் பார்டிசானிடம் சொந்த ஊரிலேயே முதல் இரண்டு ஆட்டத்தையும் தோற்றது. இரண்டாவது ஆட்டம் கைகலப்பில் முடிந்தது. அங்கிருந்து தொடர்ந்து மூன்று ஆட்டம் வென்று 3–2 என்று கரையேறினார்கள். யூரோலீக் காலிறுதித் தொடர்களில் 0–2-லிருந்து அதுவரை எந்த அணியும் மீண்டதில்லை. இறுதிக் கட்டம் லிதுவேனியாவின் கௌனாஸ் நகரில். எதிரே கிரேக்கத்தின் ஒலிம்பியாகோஸ். கடைசி விநாடிகளில் ரியல் மாட்ரிட் 77–78 என்று ஒரு புள்ளி பின்னால் இருந்தது. பந்து செர்ஹியோ யுல் கையில். வயது 35. அன்று அதுவரை ஒரு கூடை கூட அவர் போடவில்லை. எதிரே முஸ்தஃபா ஃபால், 2.18 மீட்டர் உயரம், கையை முழுதாக நீட்டி நிற்கிறார். யுல் எழும்பி, அந்தக் கைக்கு மேலே பந்தை உயர்த்தி விட்டார். மூன்று விநாடி மிச்சம் இருக்கும்போது 79–78. ரியல் மாட்ரிட்டுக்குப் பதினொன்றாவது ஐரோப்பியக் கோப்பை. இறுதிக் கட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் டவாரெஸ்.

அந்தக் கடைசி ஷாட்டைத் தேடிப் பார்க்கும்போது யுல்லை விட்டுவிடு, மற்ற நான்கு பேரைப் பார். நாள் முழுக்க ஒரு கூடை போடாத ஆளிடம் கோப்பையை ஒப்படைத்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கை ஒரே ஜெர்சியில் தினமும் சேர்ந்து பயிற்சி செய்ததில் வந்தது.

மூன்று மாதம் கழித்து, ஆகஸ்டில், அதே டவாரெஸ் ஜப்பானின் ஒகினாவாவில் கேப் வெர்டே ஜெர்சியில் நின்றார். அந்த நாட்டுக்கு அது முதல் உலகக் கோப்பை. வெனிசுவேலாவை 81–75 என்று வென்றார்கள், உலகக் கோப்பையில் அவர்களுடைய முதல் வெற்றி. ஜப்பானிடம் 71–80 என்று தோற்றார்கள். அந்த வெற்றியால் ஜப்பானுக்குப் பாரிஸ் ஒலிம்பிக் இடம் கிடைத்தது. ஜப்பான் அணியின் பாயிண்ட் கார்டு யுகி கவாமுரா 172 சென்டிமீட்டர்தான். சில நாள் முன்பு ஃபின்லாந்துக்கு எதிராக, 18 புள்ளி பின்தங்கியிருந்த ஆட்டத்தில், 25 புள்ளி எடுத்து 98–88 என்று வெல்ல வைத்தவர். உயரத்தைப் பற்றி நீ அடுத்த முறை கவலைப்படும்போது அந்த ஆட்டத்தின் நான்காவது குவார்ட்டரைப் போட்டுப் பார்.

இனி ஜெர்மனி. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். உலகக் கோப்பை பிலிப்பைன்ஸ், ஜப்பான், இந்தோனேசியா மூன்றிலும் நடந்தது. அமெரிக்கா அனுப்பிய பன்னிரண்டு பேரும் என்.பி.ஏ. ஆட்டக்காரர்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் கூடினார்கள், மாதக் கடைசியில் உலகக் கோப்பை தொடங்கிவிட்டது. உலகக் கோப்பைக்குத் தகுதிபெறும் ஆட்டங்களை ஆடியவர்கள் வேறு ஆட்கள். அவர்களில் ஒருவர்கூட அங்கே போகவில்லை. ஜெர்மனியின் கோச் கோர்டன் ஹெர்பர்ட் வேறு மாதிரி யோசித்தார். பொறுப்பேற்ற 2021-லேயே, அடுத்த மூன்று கோடைக்கும் வந்து ஆடுவதாக உறுதி தருகிறவர்கள் வேண்டும் என்று கேட்டார். 2022-இல் ஐரோப்பியப் போட்டியில் அந்த அணி வெண்கலம் வென்றது. 2023-இல் வந்தவர்களில் பெரும்பாலோர் அதே ஆட்கள்.

அரையிறுதியில் இரண்டும் மோதின. ஜெர்மனி 113–111. அமெரிக்கா நெருங்கி வந்த கடைசி நிமிடங்களில் ஆன்ட்ரியாஸ் ஓப்ஸ்ட் ஒரு த்ரீ பாயிண்டர் அடித்து மறுபடியும் இடைவெளியை உண்டாக்கினார். அன்று 24 புள்ளி அவருக்கு. என்.பி.ஏ.வில் ஒரு நாளும் ஆடாதவர், பயர்ன் மியூனிக் கிளப்பில் ஆடுபவர். ஸ்கிரீனைச் சுற்றி ஓடி, பந்து வந்த கையோடு எறிவதுதான் அவர் வேலை. அதை மட்டும் செய்தார். தனித்தனியாக எடைபோட்டால் அமெரிக்க ஆட்கள் மேலானவர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் யாருக்கு என்ன வேலை என்று மூன்று வாரத்தில் முடிவாகாது.

அந்த அணியின் டென்னிஸ் ஷ்ரூடரைத்தான் நீ முக்கியமாகப் பின்தொடர வேண்டும். அந்த சீசனில் அவர் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸில் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஆடினார். மே மாதம் டென்வரிடம் 0–4 என்று தோற்று வெளியேறினார்கள். டென்வர் அந்த ஆண்டு முதல் முறையாகச் சாம்பியன் ஆனது, நிகோலா யோகிச்தான் இறுதித் தொடரின் நாயகன். ஆகஸ்டில் ஷ்ரூடர் ஜெர்மனியின் கேப்டன். காலிறுதியில் லாட்வியாவுக்கு எதிராக 26 ஷாட் எறிந்து 4 மட்டுமே விழுந்தது. உன் அணியில் யாராவது அப்படி ஆடினால் என்ன நடக்கும்? வெளியே உட்கார வைப்பார்கள். ஹெர்பர்ட் வைக்கவில்லை. 81–79 என்று தப்பித்தார்கள். லாட்வியாவின் கடைசி த்ரீ பாயிண்டர் விழுந்திருந்தால் ஜெர்மனியின் கோப்பைக் கனவு அங்கேயே முடிந்திருக்கும். நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 10, மணிலாவில் இறுதி ஆட்டம். யோகிச் ஓய்வெடுத்துக்கொண்டதால் அவர் இல்லாமலே வந்திருந்த செர்பியாவை 83–77 என்று வென்றார்கள். ஷ்ரூடர் 28 புள்ளி. போட்டியின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே. எட்டு ஆட்டம், எட்டும் வெற்றி.

அதே நாளில் அமெரிக்கா வெண்கலத்துக்குக் கனடாவோடு ஆடியது. அதில் ஒரு காட்சி. சில விநாடிகள் மிச்சம், அமெரிக்கா நான்கு புள்ளி பின்னால். மிகல் பிரிட்ஜஸுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவதைப் போட்டார். இரண்டாவதை வேண்டுமென்றே ரிங்கில் மோதவிட்டு, தானே பாய்ந்து ரீபவுண்ட் எடுத்து, மூலைக்கு ஓடி த்ரீ பாயிண்டர் அடித்தார். 111–111. ஆனாலும் ஓவர்டைமில் கனடா 127–118 என்று வென்றது. ஃப்ரீ த்ரோ நடக்கும்போது கட்டத்தின் ஓரம் நிற்கிற உன் அணிப் பெண்கள் எதிராளியைப் பாக்ஸ் அவுட் செய்யாமல் பராக்குப் பார்க்கிறார்கள் என்று நீதானே எழுதினாய்? எறிகிற ஆளையும் ஒருவர் தடுக்க வேண்டும் என்று இந்தக் காட்சியைக் காட்டிச் சொல்.

நூனி ஓமோட் என்ற பெயரை நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய். கென்யாவில் ஓர் அகதி முகாமில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். 2023 மே மாதம் ருவாண்டாவின் கிகாலியில், எகிப்தின் அல் அஹ்லி கிளப் ஜெர்சியில் ஆப்பிரிக்க லீக் கோப்பையை வென்றார். அந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரரும் அவர்தான். ஆகஸ்டில் தெற்கு சூடான் ஜெர்சி. 2011-இல்தான் சுதந்திரம் பெற்ற நாடு அது. என்.பி.ஏ.வில் பல ஆண்டு ஆடிய லுவோல் டெங் சம்மேளனத் தலைவராக இருந்து சொந்தப் பணத்தையும் போட்டு அணியைக் கட்டினார். முதல் உலகக் கோப்பையிலேயே சீனாவை 89–69 என்றும், அங்கோலாவை 101–78 என்றும் வென்று, ஆப்பிரிக்காவுக்கு அங்கிருந்து கிடைக்கும் ஒரே நேரடி ஒலிம்பிக் இடத்தைப் பிடித்தார்கள். அந்த ஆண்டில் என் மனசு அதிகம் நிறைந்தது இந்தச் செய்தியில்தான்.

பெண்கள் ஆட்டத்தில் இரண்டு ஜெர்சி என்பது இன்னும் கடினமான விஷயம். பெல்ஜியத்தின் எம்மா மீஸ்மனும் அமெரிக்காவின் பிரியானா ஸ்டூவர்ட்டும் அந்த ஏப்ரலில் துருக்கியின் ஃபெனர்பாச்சே கிளப்பில் சேர்ந்து ஆடிப் பெண்கள் யூரோலீக் கோப்பையை வென்றார்கள். அமெரிக்கப் பெண்கள் லீக்கில் அப்போது கிடைத்ததைவிடத் துருக்கியிலும் சீனாவிலும் அதிகச் சம்பளம் வாங்கிய ஆட்டக்காரர்கள் பலர். அதனால் கோடையில் அமெரிக்கா, குளிர்காலத்தில் வெளிநாடு என்று ஓய்வே இல்லாமல் ஆடினார்கள். 2023-இல் அமெரிக்க லீக் ஒரு விதியை அமலாக்கியது. இரண்டு ஆண்டுக்கு மேல் அனுபவமுள்ளவர் பயிற்சி முகாமுக்குத் தாமதமாக வந்தால் அபராதம், லீக் தொடங்கும்வரை வராவிட்டால் அந்த சீசன் முழுக்க ஆட முடியாது. ஸ்டூவர்ட் நேரத்துக்குப் போய் நியூயார்க் அணியில் ஆடி, அந்த லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். மீஸ்மன் அந்தக் கோடையில் அமெரிக்காவுக்குப் போகவில்லை. ஜூனில் லியுப்லியானாவில் ஸ்பெயினை 64–58 என்று வென்று பெல்ஜியத்துக்கு முதல் ஐரோப்பியப் பட்டம் வாங்கிக்கொடுத்தார், அங்கே சிறந்த ஆட்டக்காரரும் அவரே. சம்பளத்தைப் போதுமான அளவு உயர்த்தாமல் வருகைப் பதிவேட்டை மட்டும் இறுக்குவது நியாயம் இல்லை என்பது என் எண்ணம். நீ பெரியவளாகி இந்த ஆட்டத்தை எந்த வகையில் தொட்டாலும் இந்த வழக்கு உன் முன்னால் வரும், இப்போதே தெரிந்து வைத்துக்கொள்.

ஆண்களிடமும் இதே இழுபறி உண்டு. 2017 முதல் ஃபீபா தகுதிச் சுற்றுகளை நவம்பர், பிப்ரவரி மாதங்களிலும் வைக்கிறது. என்.பி.ஏ. தன் ஆட்களை அப்போது விடாது. யூரோலீக் கிளப்புகளும் பெரும்பாலும் விடுவதில்லை. அதனால் தகுதி வாங்கித் தருபவர் ஒருவர், உலகக் கோப்பையில் ஆடுபவர் வேறொருவர். பிப்ரவரி ஆட்டத்தில் தெரியாத பெயர்களாக இருக்கிறதே என்று சேனலை மாற்றிவிடாதே. அந்த ஆட்கள் பெரும்பாலும் கோடையில் டிவியில்தான் தங்கள் நாட்டைப் பார்ப்பார்கள். நாட்டு ஜெர்சி போட்டு ஆட அவர்களுக்குக் கிடைக்கும் நேரம் அதுதான்.

நேரத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். யூரோலீக் நம் கணக்கில் நள்ளிரவு தாண்டித்தான் முடியும், பரீட்சைக் காலத்தில் வேண்டாம். மறுநாள் கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும் இரண்டு தடவை பார். முதல் தடவை பந்தைப் பார், இரண்டாவது தடவை பந்து இல்லாதவர்களைப் பார். நான்கைந்து பேரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும், ஒருவராவது என்.பி.ஏ.வுக்கு வெளியே ஆடுபவராக இருக்கட்டும். யார் யாரைத் தேர்ந்தெடுத்தாய் என்று அடுத்த கடிதத்தில் எழுது. கவாமுராவை நான் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டேன்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மாமா