ஆடிக் காற்று முதல் கார்த்திகை மழை வரை: புதுச்சேரி மாடிப் பூந்தோட்டம் - முழுமையான வழிகாட்டி

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை. மறுநாள் காலை முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக் கதவைத் தள்ளித் திறந்தபோது, தொட்டிகள் பாதி வரை தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன. வடிகுழாயின் வாயில் பக்கத்து வீட்டு வேப்பிலைகள் அப்பிக் கிடந்தன. ஒரு கைப்பிடிதான் இருக்கும். கையை விட்டு அள்ளியதும் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. ஆனாலும் அடுத்த பத்து நாளில் பதினோரு செடிகள் போய்விட்டன. கனகாம்பரம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. காற்றில் கிளை ஒடிந்த செம்பருத்தியும் அரளியும் மறுபடி தழைத்தன. வேர் ஊறிப்போனவைதான் திரும்பவே இல்லை.

புதிதாகப் பூச்செடி வைப்பவர்களிடம் அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். நம் ஊரில் ஆடி தொடங்கிச் செய்கிற தோட்ட வேலை எல்லாமே ஐப்பசி மழைக்கான ஏற்பாடு. தண்ணீர் ஊற்றப் பழகுவது ஒரு வாரத்தில் வந்துவிடும். தண்ணீர் வெளியேற வழி செய்வதைத்தான் மெனக்கெட்டுக் கற்க வேண்டும்.

நம் ஊர்ப் பருவம் எப்படி நகர்கிறது?

வெளிநாட்டுத் தோட்டப் புத்தகங்களில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களை இலையுதிர்காலம் என்று போட்டிருப்பார்கள். செடியை வெட்டி, மூடி, உறங்க வைக்கச் சொல்வார்கள். அதை இங்கே செய்தால் தோட்டம் வீணாகும். நமக்கு ஆடியில் பகலில் மேற்கிலிருந்து காய்ந்த காற்று. பிற்பகலில் கடல் காற்று வந்த பிறகுதான் இலை நிமிரும். ஆவணி, புரட்டாசியில் அவ்வப்போது மாலை இடிமழை. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கி, கார்த்திகை வரை நிற்கும். ஆண்டு மழையில் பெரும்பகுதி அந்த இரண்டு மூன்று மாதங்களிலேயே பெய்துவிடுகிறது.

இன்னொரு மாற்றம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. ஜூனில் ஏறக்குறைய 12 மணி 50 நிமிடம் இருக்கும் பகல், டிசம்பரில் 11 மணி 25 நிமிடமாகக் குறைகிறது. நாம் கவனிக்காத இந்த ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தைச் சாமந்தி கவனிக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் படி: ஆடியில் தொட்டியின் விளிம்பைப் பாருங்கள்

கடலோரத் தெருக்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் லேசாக உப்புக் கரிக்கும். அதையே கோடை முழுக்க ஊற்றியிருப்போம். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு மண்ணில் தங்கிவிடும். மண் தொட்டியின் வெளிப்புறத்திலும் விளிம்பிலும் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளைப் பொருக்கு இருந்தால் அது உப்பு. செடியிலும் தெரியும்: ரோஜா இலையின் ஓரம் தீயில் காட்டியதுபோல் பழுப்பாகிச் சுருண்டிருக்கும். நிறைய பேர் இதை நோய் என்று நினைத்து மருந்து அடிக்கிறார்கள். மருந்தால் ஒன்றும் ஆகாது.

செய்ய வேண்டியது எளிது. பொருக்கை மேல்மண்ணோடு ஒரு விரல் ஆழம் சுரண்டி எடுத்துவிடுங்கள். பிறகு நல்ல தண்ணீரை மெதுவாக, தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு, அடியில் வழிந்தோடும்படி ஊற்றுங்கள். மாலை இடிமழை வந்தால் தொட்டிகளைத் தாழ்வாரத்திலிருந்து வெளியே நகர்த்தி நனைய விடுங்கள். உப்பைக் கழுவ மழையைவிட நல்ல தண்ணீர் கிடையாது.

கழுவிய உப்பு வெளியேற வேண்டுமானால் அடித்துளை திறந்திருக்க வேண்டும். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் ஓரிரு நிமிடத்தில் அடியில் சொட்டத் தொடங்க வேண்டும். சொட்டவில்லை என்றால் தொட்டியைச் சாய்த்துத் துளையைப் பாருங்கள். வேர்கள் பின்னி அடைத்திருக்கும். ஒரு கம்பியை விட்டு நெம்பினால் கறுத்த சேறும் வேருமாக வந்து விழும். அந்தச் சேற்றை முகர்ந்து பாருங்கள். ஈர மண் வாசனை வந்தால் கவலை இல்லை. சாக்கடை நாற்றம் வந்தால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது. அந்தச் செடியை உடனே புது மண்ணுக்கு மாற்றுங்கள்.

ஒவ்வொரு தொட்டியையும் இரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். தட்டு வைக்கும் பழக்கத்தை மழைக்காலம் முடியும் வரை விட்டுவிடுங்கள். தட்டில் தேங்கும் தெளிந்த நீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடுகிறது.

இரண்டாம் படி: மண்

செம்மண் இரண்டு பங்கு, மக்கிய சாண எரு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, தென்னை நார்த்தூள் அரைப் பங்கு. நார்த்தூள் ஈரத்தைப் பிடித்து வைக்கும். கோடையில் அது வரம், ஐப்பசியில் அதுவே ஆபத்து. ஆகவே மற்ற ஊர்க்காரர்கள் சொல்லும் அளவில் பாதி போதும். கட்டியாக வாங்கினால் இரண்டு முறை ஊறவைத்துப் பிழிந்து, அதிலுள்ள உப்பையும் போக்கிவிட்டுச் சேருங்கள். கடற்கரை மணலை எக்காரணம் கொண்டும் எடுத்து வராதீர்கள்.

தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு கலந்து, ஒரு வாரம் லேசான ஈரத்தில் வைத்துவிட்டு நடுங்கள். கலவை சரியா என்று அறிய, ஈர மண்ணை ஒரு பிடி பிடித்து உருட்டிக் கட்டைவிரலால் அழுத்துங்கள். உதிர வேண்டும். களியாக நசுங்கினால் இன்னும் மணல் சேருங்கள்.

மூன்றாம் படி: எதை, எப்போது விதைப்பது?

துலுக்க சாமந்தியிலிருந்து தொடங்குங்கள். புதியவர்களை ஏமாற்றாத செடி அது. வாடிய மாலையிலிருந்து ஒரு பூவைப் பிரித்தால், கறுப்பு ஊசிபோல் இருக்கும் விதையின் ஒரு முனையில் வைக்கோல் நிற வால் இருக்கும். கறுப்பு முனை கீழே இருக்கும்படி மண்ணில் அரை விரற்கடை ஆழம் வைத்தால் ஐந்தாறு நாளில் முளைக்கும். கலப்பின வகைப் பூக்களில் முளைக்கும் விதை குறைவாக இருக்கலாம். சந்தேகம் என்றால் கடை விதை வாங்குங்கள்.

இங்கே கணக்கு முக்கியம். விதைத்து மூன்று நான்கு வாரத்தில் நாற்று நடலாம். நட்ட பிறகு பூ பறிக்க ஏறக்குறைய 60 நாள். ஆயுத பூஜைக்கு வீட்டுப் பூ வேண்டும் என்றால் ஆடி பிறந்ததும் விதைக்க வேண்டும். தீபாவளிக்கு என்றால் வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேர் ஓடும் ஆடி ஐந்தாம் வெள்ளியை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். எங்கள் அம்மா அப்படித்தான் நினைவில் வைத்திருந்தார்: தேர் பார்த்துவிட்டு வந்தால் விதை மண்ணில் இருக்க வேண்டும். அம்மனின் பெயரிலேயே ஒரு பூ இருப்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

அதற்கும் தள்ளிப்போனால் இளநாற்று பெருமழையில் மாட்டிக்கொள்ளும். ஐப்பசி பிறக்கும்போது செடி முழங்கால் உயரம் இருக்க வேண்டும், அடித்தண்டு பென்சில் பருமன் ஆகியிருக்க வேண்டும். நட்ட 30-ஆம் நாள் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்து, செடி குட்டையாகவும் உறுதியாகவும் நிற்கும்.

கோழிக்கொண்டை, வாடாமல்லி, ஜினியா, காசித்தும்பை ஆகியவற்றையும் இதே வாரங்களில் விதைக்கலாம். கனகாம்பரத்துக்கு அருகில் துலுக்க சாமந்தி இருப்பது நல்லது. கனகாம்பரத்தின் வேரைத் தாக்கும் நூற்புழுக்களைத் துலுக்க சாமந்தியின் வேர் அடக்கி வைக்கும்.

சாமந்திக்கு இருட்டு வேண்டும்

ஆவணி தொடக்கத்தில் சாமந்தி நாற்று வாங்கி நடுங்கள். நான்கு வாரம் கழித்து நுனி கிள்ளுங்கள். புரட்டாசி பாதிக்கு மேல் கிள்ளாதீர்கள். அதன் பிறகு வரும் தளிரில்தான் மொட்டு கட்டும்.

பலர் செடி செழிப்பாக இருக்கிறது, பூ மட்டும் வரவில்லை என்பார்கள். ஒரு முறை எங்கள் மாடியிலும் நடந்தது. ஒரே நாளில் நட்ட ஆறு தொட்டிகளில் நான்கு மொட்டு விட்டன, கைப்பிடிச் சுவர் ஓரமாக இருந்த இரண்டு விடவில்லை. உரம், பூச்சி என்று எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் ஒரு நாள் இரவு மேலே போனபோதுதான் தெரிந்தது, தெருவிளக்கு நேராக அந்த இரண்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது. இரவு நீண்டால்தான் சாமந்தி மொட்டு விடும். வெளிச்சம் பட்டால் அதற்கு இன்னும் கோடைதான். பூவைத் தள்ளிப்போட வேண்டிய வணிக விவசாயிகள் இதற்காகவே இரவில் விளக்குப் போடுகிறார்கள். நீங்கள் தொட்டியை நான்கடி நகர்த்தி நிழல் மறைவில் வைத்தால் போதும்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு உப்பளம் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் குடும்பங்கள் கூடை நிறையப் பூவோடு போவதைப் பார்த்திருப்பீர்கள். பிரான்சிலும் அதே நாட்களில் கல்லறைகளில் சாமந்தியைத்தான் வைக்கிறார்கள். அங்கே அது இயல்பாகப் பூக்கும் காலம் அது. நம் மாடியில் அதற்குச் சற்றுப் பின்னால், மார்கழியை ஒட்டி எதிர்பார்க்கலாம்.

நான்காம் படி: புரட்டாசியில் கத்தரியை அடக்கி வையுங்கள்

கோடையில் அள்ளிக்கொடுத்த குண்டுமல்லி இப்போது இலையும் கொடியுமாகப் படர்ந்து நிற்கும். வெட்டத் தோன்றும். வெட்டாதீர்கள். இப்போது வெட்டினால் வரும் இளந்தளிர் முழு மழையையும் வாங்கிக் கறுத்துப்போகும். காய்ந்த குச்சிகளை மட்டும் ஒடித்தெடுங்கள். உரமும் வேண்டாம்.

காகிதப்பூவுக்கும் இதே விதி. அது தாகத்தில் பூக்கும் செடி, மழையில் இலையாகத் தழைக்கும். தண்ணீர் ஊற்றுவதை அடியோடு நிறுத்திவிடலாம். புதுச்சேரி வெள்ளை நகரத்தின் மஞ்சள் மதில்களில் வழியும் இந்தக் கொடியை 1767-இல் பிரேசிலில் சேகரித்தவர் பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஃபிலிபேர் கொமெர்சோன். அவரது கப்பல் பயணத் தலைவர் பூகன்வில்லின் பெயர் அதற்கு நிலைத்தது. இங்கே அரவிந்தர் ஆசிரமத்து ஸ்ரீ அன்னை ஏறத்தாழ 900 மலர்களுக்குப் பொருள்பெயர் வைத்தபோது, இதற்குத் தந்த பெயர் ‘பாதுகாப்பு’. முள்ளோடு சுவர் ஏறும் கொடிக்கு எவ்வளவு பொருத்தம்!

மழைக்கு முன் மாவுப்பூச்சியை ஒழித்துவிட வேண்டும். செம்பருத்தியின் இலைக்காம்பு இடுக்கில் பஞ்சுபோல் ஒட்டியிருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில துளி சோப்புக் கரைசலோடு கலந்து, மாலையில், இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை.

ஐந்தாம் படி: மழை இறங்கிய பிறகு

இப்போது வேலை குறைவு, கவனம்தான் அதிகம் வேண்டும். தினமும் காலையில் வடிகுழாய் வாயைப் பாருங்கள். அதன் மேல் வலைத்தட்டு ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். மழை விட்ட இடைவெளியில் மேல்மண்ணைக் கொத்திக் காற்று புக விடுங்கள். சத்து மழையோடு கரைந்து ஓடிவிடும் என்பதால், உரத்தை மொத்தமாகப் போடாமல் பதினைந்து நாளுக்கு ஒரு பிடி மண்புழு உரம் போடுங்கள். இரவில் டார்ச்சோடு போய் நத்தைகளைக் கையால் பொறுக்குங்கள். மண்ணில் உப்புத் தூவ வேண்டாம்.

தண்ணீர் தேங்கிய தொட்டியில் இலை மஞ்சளாகித் தொங்கினால், தாகம் என்று எண்ணி மேலும் ஊற்றிவிடாதீர்கள். தொட்டியை ஒரு செங்கல்லில் சாய்த்துவிட்டு நிழலில் இரண்டு நாள் விடுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால்

2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2020 நவம்பரில் நிவர், பிறகு ஃபெஞ்சல். நம் கரைக்கு இது புதிதல்ல. தொங்கு தொட்டிகளை முதல் நாளே கீழே இறக்குங்கள். தூக்க முடியாத பெரிய தொட்டிகளை, காற்று உருட்டாதபடி சுவரோரம் படுக்க வைத்துவிடுங்கள். படுத்த தொட்டியில் தண்ணீரும் நிற்காது. பந்தல் கொடியைப் பழைய புடவைக் கிழிசலால் கட்டுங்கள், நைலான் கயிறு தண்டை அறுத்துவிடும். புயல் போன பிறகு முதல் வேலை, இலைகளை நல்ல தண்ணீரால் கழுவுவது. கடல் சாரல் கொண்டுவந்த உப்பு இலையில் படிந்திருக்கும். உரம் இரண்டு வாரம் வேண்டாம்.

ஆறாம் படி: கார்த்திகையில் மல்லிகைக் கவாத்து

நவம்பர் கடைசி வாரம்தான் குண்டுமல்லியை வெட்டும் நேரம். மழை கொட்டிக்கொண்டிருந்தால் ஒரு வாரம் தள்ளிப்போகட்டும். தரையில் உள்ள செடி என்றால் 45 முதல் 50 சென்டிமீட்டர் உயரம் விட்டு வெட்டுங்கள். தொட்டியில் பாதி உயரம். மீதமுள்ள இலைகளையும் உருவிவிட்டு இரண்டு கைப்பிடி எரு வையுங்கள். செடி மொட்டைக் குச்சியாக நிற்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், மார்ச்சில் அது பூக்கத் தொடங்கும். ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. ரோஜாவைப் பெருமழை ஓய்ந்ததும் வெட்டி, வெட்டுவாயில் மஞ்சள்தூளைக் குழைத்துத் தடவுங்கள்.

வெட்டிய மல்லிகைக் குச்சிகளை எறியாதீர்கள். பென்சில் பருமனில் மூன்று கணு உள்ள துண்டுகளாக நறுக்கி, ஈர மணலில் ஒரு கணு புதையும்படி சாய்த்து ஊன்றி நிழலில் வையுங்கள். பத்து ஊன்றினால் நாலைந்தாவது துளிர்க்கும். தைப்பொங்கல் கழிந்து தொட்டிக்கு மாற்றலாம். எங்கள் தெருவில் ஐந்து வீடுகளில் இப்போது பூக்கும் குண்டுமல்லி, ஃபெஞ்சலுக்குப் பிறகு வெட்டிய எங்கள் மாடிச் செடியின் குச்சிகள்.