மலரே எழுதும் ஓவியம்

நுழையும்முன்

காலையில் மலர்ந்து மாலையில் வாடுவது மலரின் இயல்பு. அதன் எழிலைத் தூரிகையின்றித் தாளிலும் துணியிலும் பதிக்கும் கலை ஒன்று உண்டு. அதன் வரலாற்றையும் செய்முறையையும் அறிவோம்.

மெய்யுருவின் பதிவு

ஓவியர் தாம் கண்டதை வரைகிறார். அச்சில் செடி தன்னைத்தானே பதிக்கிறது. இவ்வேறுபாட்டை நன்குணர்ந்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் குடியேற்றப் பகுதிகளுக்குப் பணத்தாள் அச்சிட்ட அவர், அவற்றில் இலையின் உருவைப் பதித்தார். ஓர் இலையின் நரம்புப் பின்னல் மற்றோர் இலைக்கு அமையாது. அதனைப் போலியாகச் செதுக்குவதும் அரிது.

இங்கிலாந்தின் அன்னா அட்கின்ஸ், கடற்பாசிகளின் நுண்ணுருவைக் கையால் வரைவது கடினம் எனக் கண்டார். ஒளியுணர் தாளின்மீது அவற்றை வைத்து வெயிலில் காட்டி, நீலப்படங்களாக்கினார். 1843இல் அவர் வெளியிடத் தொடங்கிய நூலே ஒளிப்படங்களைக் கொண்ட முதல் நூலாகக் கருதப்படுகிறது.

செய்முறை

மலரைத் தட்டிச் சாயம் ஏற்றும் முறையை ஜப்பானியர் ‘தத்தாகிசோமே’ என்பர். இதனை வீட்டிலேயே செய்யலாம். பருத்தித் துணியைப் படிகாரம் கரைத்த நீரில் ஊறவைத்து உலர்த்துக. படிகாரம் சாயத்தை நூலிழையோடு பிணைக்கும். அன்று பறித்த சங்குப்பூவைத் துணியின்மேல் கவிழ்த்து, அதன்மேல் தாளை விரித்து, சிறு சுத்தியலால் விளிம்பிலிருந்து நடுப்பகுதி நோக்கி மெல்லத் தட்டுக. ஓங்கி அடித்தால் சாறு பரவி உரு சிதையும். செண்டுமல்லி போன்ற அடுக்குப் பூக்களை இதழ் இதழாகப் பிரித்துப் பதித்தல் நலம்.

நிறமும் நிலையாமையும்

சங்குப்பூவின் நீலத்திற்குக் காரணம் ஆந்தோசயனின் என்னும் நிறமி. எலுமிச்சைச் சாறு பட்டால் அது ஊதாவாக மாறும். வெயில் பட்டால் வெளிறும். இக்குறையையே கருவியாக்கினார் ஜான் ஹெர்ஷல். அட்கின்ஸ் கையாண்ட நீலப்பட முறையை 1842இல் கண்டறிந்தவரும் அவரே. பூச்சாறு பூசிய தாளை ஒரு படத்தின் அடியில் வைத்து வெயிலில் காட்டினார். ஒளி பட்ட இடம் வெளிற, படாத இடம் நிறத்தோடு நிற்க, உருவம் தோன்றியது.

நம் அச்சோ நிறம் மங்கும்போது உருவையும் இழக்கும். எனவே அதனை வெயில் படாத இடத்தில் வைத்தல் வேண்டும். அச்செடுத்த அன்றே நரம்புக் கோடுகளின்மேல் மெல்லிய எழுதுகோலால் வரைந்து, மலரின் பெயரையும் பறித்த இடத்தையும் நாளையும் குறித்தல் வேண்டும். அவ்வாறு வரையும்போதுதான், நாள்தோறும் கண்ட பூவில் இத்தனை நரம்புகள் இருந்ததை நம் கண் முதன்முதலாக அறிகிறது.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டருகே பூக்கும் மலர்கள் மூன்றின் அச்சுகளை எடுத்து, ஒரு திங்கள் கழித்து அவற்றின் நிறமாற்றத்தை ஒப்பிட்டு எழுதுக.